லாவிகன்: நகராட்சி விவரப் படிவம்

மணிலாவிலிருந்து வந்த படிவத்தில்
பரப்பளவுக்கு ஒரே ஒரு கட்டம்.
நீர் வற்றியிருக்கும்போதா, ஏறியிருக்கும்போதா?
அதை யாரும் கேட்கவில்லை.

பழைய கோப்பில் நூற்றுப்பன்னிரண்டு சதுர கிலோமீட்டர்.
எழுதியவர் உண்ட மயக்கத்தில் அளந்திருப்பார்,
அந்நேரம் தேவாலயத்தின் பின்சுவரை விட்டு
கடல் வெகுதூரம் போய்விடும்.
பெண்கள் வாளியோடு இறங்கி
முழங்கால் சேற்றில் சிப்பி தேடுவார்கள்.
மாலையில் அதே இடத்தில் படகு மிதக்கும்.
இரண்டும் எங்கள் ஊர்தான்.

எல்லைகள்.
மேற்கே மலை, அதில் அபாகா நார்த் தோட்டங்கள்.
வடக்கே ஆறு, பாலம் பாதி.
தெற்கே அடுத்த ஊர்; எங்கள் மீனைத்
தங்கள் மீன் என்று விற்பவர்கள்.
கிழக்கே பசிபிக்.

தட்பவெப்பம்: "வறண்ட காலம் இல்லை."
இது அச்சிலேயே இருந்தது, நான் எழுதவில்லை.
சந்தேகமிருந்தால் சோசிமோவைக் கேளுங்கள்.
தேங்காயை உடைத்து வெயிலில் விரித்துவிட்டு
வானத்தைத் திட்டியபடி காவலிருப்பான்.
கடைசியில் எல்லாம் புகையில்தான் காயும்:
கொப்பரை, மீன், அவன் சட்டை.

அமிஹான் காற்று எப்போது தொடங்கியது,
எத்தனை நாள் கடல் மூடிக் கிடந்தது
என்றொரு துணைக் கேள்வி.
வானிலை நிலையத்தின் கருவி
போன புயலிலேயே பறந்துவிட்டது.
பெட்டிக்கடை பஸிலிசாவிடம் போனேன்.
கடன் நோட்டை நாக்கில் விரல் தொட்டுப் புரட்டினாள்.
பக்கம் நிறைய அரிசி, அரிசி, அரிசி,
நடுவில் ஒரு மெழுகுவர்த்தி:
அது ஜனவரி இரண்டாம் வாரம்.
பிறகு ஒருநாள் திடீரென்று
ஆறு பேர் சேர்ந்தாற்போல் கடன் அடைத்து
சிவந்த கள்ளும் வாங்கியிருக்கிறார்கள்.
அன்று காற்று நின்றது என்று எழுதிக்கொண்டேன்.

மக்கள்தொகையில்தான் சிக்கிக்கொண்டேன்.

புயலுக்குப் பின் அரசு
மலைச்சரிவில் நாற்பது வீடு கட்டிக்கொடுத்தது.
வரிசையாக, ஒரே பச்சை வண்ணத்தில்.
கீழே கரையில் ஒரு பலகை:
"இங்கே வீடு கட்டத் தடை."
அந்தப் பலகையைப் படுக்கப்போட்டு
அதன்மேல் மீன் அரிகிறார்கள்.

எங்கே வசிக்கிறீர்கள் என்றால்
எல்லோரும் மேலே கை காட்டுகிறார்கள்.
இரவில் எங்கே தூங்குகிறீர்கள் என்றால்
படகைப் பார்க்கிறார்கள்.

டார்ச்சோடு ஏறிப் போனேன்.
நாற்பது கதவு, முப்பத்தொன்பது பூட்டு.
கோழிகள் மட்டும் எல்லா வீட்டிலும்.
கடைசி வாசலில் தியோதுலோ
எல்லோருடைய கோழிகளுக்கும்
தனியாளாகத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.
"என்னையே நாற்பது தடவை எழுதிக்கொள்," என்றார்,
"இவர்கள் யாரும் வாடகை தருவதில்லை."

சிரித்தேன். அவரும்.
நாற்காலி மலையைப் பார்த்துக் கிடந்தது,
கடலுக்கு முதுகைக் காட்டி.
குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா மை உறைந்துவிட்டதென்று
உதறி உதறிப் பார்த்தேன்.
அவர் கோழித்தொட்டியைத் தட்டிக் கழுவினார்.
"ஒன்று," என்றார். "நேராகவே கேட்கலாமே."

துபாயில் இருக்கும் செவிலியரை எழுதினேன்.
கப்பலில் இருக்கும் என் கணவனை எழுதினேன்,
எந்தக் கடல் என்று தெரியாமலே.
சோசிமோ வீட்டில் நேற்றுப் பிறந்த
பெயர் வைக்காத பெண்ணையும்.
கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும்
வேறு எண் வருகிறது.

இன்று காலை ஜீப்னி கிளம்பும்போது
மழை பிடித்துக்கொண்டது.
படிவத்தை ரொட்டிக் கவரில் சுற்றி
ஓட்டுநரிடம் கொடுத்தேன்.
அவர் அதை இருக்கைக்கு அடியில்,
கால் கட்டிய ஒரு சேவலுக்கும்
கருவாட்டுப் பெட்டிக்கும் இடையில் செருகினார்.
பரப்பளவுக் கட்டம் மட்டும்
பென்சிலில் இருக்கிறது.